பெண் வயிற்றுப் பிள்ளைக்குக் காது குத்துவதில்லை

எங்கள் தெருவில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள். டாக்டர் ஒரே சீட்டில் சர்க்கரை, தைராய்டு, மரபணு என்று எழுதிக் கொடுத்தாராம். வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போனாராம். கொஞ்ச நாளில் செல்போனில் ரிசல்ட். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "வேற என்ன ஆன்ட்டி?" என்றாள். பொய் சொல்வானேன், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இதே காரியத்துக்காக நாங்கள் குடும்பமே பட்டினி கிடந்து, மின்சார ரயில் ஏறி, சம்பந்தி சண்டை வரைக்கும் போய்த் திரும்பியவர்கள்.

அப்போது புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மாமியார் வீடு ஊரப்பாக்கத்தில். எனக்கு வேலை செங்கல்பட்டில், ஓர் அரசு அலுவலகத்தில். காலையில் ஊரே சென்னைப் பக்கம் ரயிலில் தொங்கிக்கொண்டு போக, நான் மட்டும் எதிர்ப்பக்கம் காலிப் பெட்டியில் காலை நீட்டிக்கொண்டு போவேன். என் மேஜைக்கு வருபவை வாரிசுச் சான்றிதழ் மனுக்கள். வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அவருக்கு மனைவி யார், பிள்ளைகள் யார் என்று எழுதித் தரும் காகிதம். ஒவ்வொரு மனுவிலும் யாராவது ஒருவரை விழுங்கியிருப்பார்கள். ஓடிப்போன தம்பியை, மூத்த தாரத்துப் பெண்ணை, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட தங்கையை. "வேற யாரும் இல்லையா?" என்று நான் இழுத்துக் கேட்கிற தொனியிலேயே பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள். பொய் சொல்கிற முகம் மூன்று மேஜை தள்ளி வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு மிதப்பு எனக்கு. அந்த மிதப்பில் மண்ணைப் போட்டவள் என் சொந்த அம்மா.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து நான் உண்டானேன். அப்போது என் அக்கா மகனுக்கு ஆறு வயது. மாமல்லபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அக்கா வீடு. அவன் நாலு வயதில் ஓடி விழுந்து உதடு கிழிந்தது. சாதாரணக் கிழிசல்தான். ஆனால் ரத்தம் இரண்டு நாளாகியும் நிற்கவில்லை. உள்ளூர் டாக்டர், செங்கல்பட்டு, கடைசியில் சென்னை என்று தூக்கிக்கொண்டு ஓடியபோது, ஹீமோபிலியா என்று சொன்னார்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் அவன் உடம்பில் போதுமான அளவு ஊறுவதில்லை. இந்தக் குறையைப் பெண்கள் தங்களுக்கே தெரியாமல் சுமப்பார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகள் அவதிப்படுவார்கள். முட்டி வீங்கினால் ஊசி, பல் ஆடினால் ஊசி. அக்கா அதைச் சுமந்திருக்கிறாள். அப்படியானால் நான்? என் வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையாக இருந்தால்?

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காதான் கேட்டாள். மகனுக்கு ஊசி போடப் போன இடத்தில், "டாக்டரம்மா, என் தங்கச்சி முழுகாம கீறா, அவளுக்கும் இது கீதான்னு பார்க்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு வந்து எனக்குப் போன் செய்தாள். முடியுமாம். நான் இதைச் சுமப்பவள் என்று தெரிந்தால் பிரசவத்தைச் சென்னையில் பத்திரமாகப் பார்க்கலாமாம். குழந்தை பிறந்த அன்றே தொப்புள்கொடி ரத்தத்தில் சோதித்துவிடலாமாம். ஆனால் ஒரு நிபந்தனை. என் ரத்தம் மட்டும் போதாது. அப்பா, அம்மா, அக்கா, பையன், அம்மாவின் தம்பி, எல்லாருடைய ரத்தமும் வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு எது வந்தது என்று ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்தக் காலத்து வசதி அவ்வளவுதான்.

ஆக, ஒரு புதன்கிழமை காலையில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் கூட்டம் சேர்ந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து அப்பா, அம்மா, மாமா. மாமல்லபுரத்திலிருந்து அக்காவும் பையனும். ஊரப்பாக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். என்னோடு என் மாமியாரும் ஏறினார். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. "அவனுக்குப் பதிலாக நான் வருகிறேன்" என்று முந்தின நாளே புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் ஒரு முடிவு செய்துவிட்டால் மணி அடித்த மாதிரி. மறுபேச்சு கிடையாது.

ரயில் பெட்டியில் மாமியாரைப் பார்த்ததும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "வாங்க சம்பந்தியம்மா, நீங்க எதுக்கு சிரமப்பட்டு..." என்று இழுத்தாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. பசி வேறு. ரத்தம் எடுப்பதென்றால் வெறும் வயிறுதான் என்று அம்மா முந்தின நாளே எல்லாருக்கும் உத்தரவு போட்டிருந்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாதாம். ரத்தமே கொடுக்கப்போகாத என் மாமியாரும் மரியாதைக்குப் பட்டினி. பையன் மட்டும் பிஸ்கட் கேட்டு அழுது ஜெயித்துவிட்டான். மற்ற ஆறு பேரும் பெருங்களத்தூர் தாண்டும்போதே துவண்டுபோனோம்.

அக்கா விசாரித்துவிட்டு வந்த அந்தச் சென்னை டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். மெதுவாகப் பேசினார். பக்கத்தில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் நோட்டோடு நின்றார்கள். "யாராவது இரண்டு பேர் உள்ளே வாங்க" என்றார். ஏழு பேரும் போனோம். முதல் வார்த்தையே, "எல்லாரும் ஏன் இவ்வளவு வாடியிருக்கீங்க? சாப்பிடலையா? இந்த டெஸ்ட்டுக்குச் சாப்பிட்டுட்டே வரலாமே" என்றார். ஆறு ஜோடிக் கண்களும் அம்மா பக்கம் திரும்பின. அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

டாக்டரம்மா ஒரு பெரிய தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஆண்களுக்குக் கட்டமும் பெண்களுக்கு வட்டமுமாகப் போட ஆரம்பித்தார். நோய் இருக்கிறவர்களின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும், இறந்துபோனவர்களுக்கு ஒரு குறுக்குக் கோடு. "ஜாதகம் மாதிரியே கீது" என்றார் மாமா. அக்கா மகனின் சின்னக் கட்டத்தை டாக்டரம்மா கறுப்பாக நிரப்பினார். பிறகு பேனாவை நிமிர்த்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். என் அம்மா இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். வெளி ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்து, "உங்க குடும்பத்துல யாருக்காவது..." என்று ஆரம்பித்தால் அவள் வாயில் வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொன்ன அதே பதில். அதிலும் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த அதே அம்மாள் உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்காம்மா?"

"அய்யய்யோ, இல்லீங்க." சர்க்கரை மாத்திரை அவள் பையிலேயே இருந்தது.

"பிரஷர்?"

"அதெல்லாம் நம்ம வூட்ல பேச்சே கெடையாது."

"உங்க அம்மா எப்படி இறந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்தாங்க. செத்துட்டாங்க."

படிக்கிற பெண்களில் ஒருத்தி நோட்டால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரே தம்பி. இதோ குத்துக்கல்லு மாதிரி நிக்கிறான் பாருங்க. ஒரு தலவலி வந்ததில்ல."

அப்பாவுக்கு ஒரே குஷி. "நம்ம பக்கமும் அப்டித்தான் டாக்டர், சுத்தம்" என்று சேர்த்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். காது பாதி கேட்காது. முதுகு நிமிராது. சுத்தமாம்.

டாக்டரம்மா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையனின் கட்டம் ஒன்றுதான் கறுப்பு. "வேற யாருக்குமே இல்லைன்னா, இந்தக் குறை இவன்கிட்டயோ இவன் அம்மாகிட்டயோ புதுசா ஆரம்பிச்சிருக்கலாம். அப்படியும் நடக்கும். அப்படின்னா தங்கைக்கு இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. இந்த டெஸ்ட்டும் அவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் சொல்லாது" என்றார்.

எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆளைவிடு சாமி, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, வாருங்கள், கேன்டீனில் இட்லி இருக்கும். அம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டாள். அக்கா மட்டும் எழவில்லை. தன்னிடமிருந்துதான் ஆரம்பித்ததா என்று யோசித்தாளோ என்னவோ, பையனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கடைசியா ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. "யாருக்காவது பல் பிடுங்கினப்போ, காது குத்தினப்போ, ரத்தம் நிக்காமப் போயிருக்கா?"

"இல்லவே இல்ல" என்றாள் அம்மா.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமாவுக்கு அக்காள் மேல் பாசம். அவள் சொன்னதற்கு ஒரு முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தார். "காது குத்தினா தானே டாக்டர் ரத்தம் வரும்? நம்ம வூட்ல பொண்ணு வயித்துப் புள்ளைக்கு காதே குத்தறதில்லையே!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"அம்மன் உத்தரவு டாக்டர். பையன் வயித்துப் புள்ளைங்களுக்குத் தாராளமா குத்தலாம். என் பசங்க ரெண்டு பேருக்கும் குத்திகீது. பொண்ணு வயித்துல பொறந்த ஆம்பளப் புள்ளைக்கு மட்டும் கூடாது. எங்கம்மா இந்த உத்தரவு கீற வூட்டுப் பொண்ணு, அதனால எனக்குக் குத்தல. இதோ பாருங்க." மாமா இரண்டு காது மடலையும் இழுத்துக் காட்டினார்.

என் மாமியார் விடுவாரா? "ஆமாம் டாக்டர், கல்யாணம் பேசும்போதே எங்களிடமும் இந்த நிபந்தனையைப் போட்டார்கள். பேரன் பிறந்தால் காது குத்தக் கூடாதாம். தாய்மாமன் தங்கத் தோடு போடுவதற்குப் பதிலாக வெள்ளியில் அரைஞாண் போடுவார்களாம். எனக்கு அன்றைக்கே மனசு சரியில்லை."

எனக்கும் இந்த உத்தரவு தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். தங்கம் செலவாகாமல் தப்பிக்க அம்மா பிறந்த வீட்டில் எந்தக் கஞ்சனோ அம்மன் பெயரில் கட்டிவிட்ட கதை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அக்கா மகனுக்கும் குத்தவில்லை. அதனால்தான் உதடு கிழிகிற வரைக்கும் அவன் நோய் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

டாக்டரம்மா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூட்டி வந்தார். "இதைக் கேளுங்க, இந்தக் குடும்பத்துல மகளோட மகன்களுக்குக் காது குத்த மாட்டாங்க, மகனோட மகன்களுக்குக் குத்துவாங்க" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், ஏதோ அவருக்கே லாட்டரி விழுந்த மாதிரி. "இந்த நோய் போற வழியும் இதேதான். அம்மாகிட்டேர்ந்து மகனுக்கு வரும். நோய் இல்லாத மகன்கிட்டேர்ந்து அவன் பிள்ளைகளுக்குப் போகவே போகாது. இதை நான் வகுப்புல ஒரு வாரம் நடத்தறேன், பாதிப் பேருக்குப் புரியறதில்லை." நோட்டு வைத்திருந்த பெண்கள் நெளிந்தார்கள். மாமா மூன்று டாக்டர்களுக்கும் வரிசையாகக் காதைக் காட்டினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை அன்றைக்குத்தான் கிடைத்தது.

பிறகு டாக்டரம்மா உட்கார்ந்து, குரலைத் தணித்துக் கேட்டார். "இந்த உத்தரவு சும்மா வந்திருக்காதும்மா. யாருக்கோ என்னமோ ஆகியிருக்கு. உங்களுக்கு ஞாபகம் தெரிஞ்சு யாராவது உண்டா?"

அம்மா சம்பந்தியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று மேஜை தள்ளித் தெரிந்திருக்க வேண்டிய முகம், பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

"வேற யாரும் இல்லையாம்மா?" என்றேன். என்னையறியாமல் அலுவலகத் தொனி வந்துவிட்டது.

"அண்ணன் ஒருத்தன் இருந்தான்" என்றாள் அம்மா.

"பூச்சி கடிச்சு செத்தவனா?" என்றார் மாமா.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ அப்போ பொறக்கவே இல்ல. மலைப்படியில வுழுந்தான். முட்டியில அடி. உள்ளயே ரத்தம் கட்டி கட்டி வீங்கிச்சு. எனக்கு ஏழு வயசு, அவனுக்கு ஒம்பது. முன்னாடியும் அவனுக்கு இப்டி அடிக்கடி வரும். ஊருக்கெல்லாம் பூச்சிக்கடின்னு சொன்னாங்க. அவன் பேரை எடுத்தா எனக்குக் கல்யாணம் ஆவாது, என் புள்ளைங்களுக்கும் ஆவாதுன்னு எங்கம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. நானும் எடுக்கல. இன்னிவரைக்கும் எடுக்கல."

டாக்டரம்மா அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, கறுப்பாக நிரப்பி, ஒரு குறுக்குக் கோடு இழுத்தார். அம்மா எட்டிப் பார்த்து, "இதுவா அவன்?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார் டாக்டர். அம்மா அந்தக் கட்டத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு மாமா எனக்கு இருந்திருக்கிறார், எத்தனையோ பேருக்கு வாரிசு எழுதிக் கொடுத்த எனக்குத் தெரியவில்லை.

மாமியார் தொண்டையைக் கனைத்தார். "இதையெல்லாம் பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருக்க வேண்டாமா, சம்பந்தி?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சொல்லியிருந்தா பண்ணியிருப்பீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

தலைமையாசிரியை பொய் சொல்ல மாட்டார். யோசித்தார். "பண்ணியிருக்க மாட்டோம்" என்றார்.

"அதான் சொல்லல" என்றாள் அம்மா.

டாக்டரம்மாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் அக்கா சிரித்தாள். அப்புறம் அப்பா, என்ன சொன்னார்கள் என்று கேட்காமலே. கடைசியில் மாமியாரும். சிரித்து முடித்ததும் அவர் தாளை உற்றுப் பார்த்து, "எங்கள் பக்கம் ஒரு கட்டம்கூடக் காணோமே?" என்றார். இந்தச் சோதனைக்குக் குழந்தையின் அப்பா பக்கம் தேவையில்லை என்று டாக்டர் விளக்கினார். மாமியாருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிறக்கப்போவது எங்கள் வீட்டுப் பிள்ளை, நாங்கள் தேவையில்லையா என்று முகம் சிவந்துவிட்டது. டாக்டரம்மா தாளின் ஓரத்தில் அவருக்கு ஒரு வட்டம் போட்டுக் கொடுத்த பிறகுதான் சமாதானமானார்.

வேடிக்கை அத்தோடு போயிற்று. டாக்டர் என்னிடம் திரும்பி நேராகச் சொன்னார். "இப்போ தெளிவா இருக்கு. அம்மாகிட்ட இந்த மரபணு ரெண்டு இருக்கு. ஒண்ணுல குறை, ஒண்ணு நல்லது. அக்காவுக்குக் குறையுள்ளது வந்திருக்கு. உங்களுக்கு எது வந்ததுன்னு ரத்தம்தான் சொல்லணும். பாதிக்குப் பாதி." பொய் சொன்னபோது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இருந்தது, உண்மை சொன்னதும் பூவா தலையாவாகிவிட்டது. அம்மா மேல் அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏன் மறைத்தாள் என்றா, ஏன் சொன்னாள் என்றா, இன்றுவரை எனக்கே தெரியாது.

ரத்தம் எடுத்தார்கள். பஸ்ஸில் எத்தனையோ அடிதடியை விலக்கிவிட்ட அப்பா ஊசியைக் கண்டதும் கண்ணைச் சொருகி நாற்காலியோடு சாய்ந்தார். பட்டினி வேறு. பேரன், "தாத்தா, அந்தப் பக்கம் பாரு, நூறு எண்ணு, முடிஞ்சிடும்" என்று கற்றுக்கொடுத்தான். அவனுக்கு அது பழகிப்போன வேலை. அதன்பின் கேன்டீனில் நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துப் பரிமாறுகிறவர், எந்த ஊர் விரதம் என்று கேட்டார்.

ரிசல்ட் வர ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் என் மாமியார் சும்மா இருக்கவில்லை. தன்னைத் தாளின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்கள் என்ற கோபத்தில், பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, சிவப்பு மை பேனாவால் தன் வம்சத்துக்கே கட்டமும் வட்டமும் போட ஆரம்பித்தார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உங்கள் அப்பா எதனால் போனார், உங்கள் அத்தைக்கு என்ன வியாதி என்று விசாரணை. சில பேர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் அலுவலகம் விட்டு வந்து பார்க்கிறேன், முக்கால்வாசிக் கட்டங்கள் சிவப்பாக நிரம்பியிருந்தன. "சர்க்கரை, நெஞ்சுவலி, மூலம், இரண்டு பேருக்கு வலிப்பு. உன் மாமனாருடைய தம்பிக்குப் புத்தி சுவாதீனமில்லை, அதைத்தான் காசிக்குப் போனதாகச் சொல்லிவந்தோம்" என்று பேனாவை மூடினார். "உன் அம்மாவை நான் கேட்டிருக்கக் கூடாது" என்றும் சொன்னார். நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு சர்க்கரை போடாதே என்றார்.

பகலெல்லாம் இப்படிச் சிரித்தபடி போய்விடும். ஆனால் ரயிலில் தனியாக உட்காரும்போது கை தானாக வயிற்றுக்குப் போகும். உள்ளே அது புரளும். நீ யாரைக் கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்பேன்.

ஆறாவது வாரம் நானும் வீட்டுக்காரரும் போனோம். டாக்டரம்மா எங்களைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். எனக்கு வந்தது நல்லது. அக்காவிடம் இருப்பது வேறு, என்னிடம் இருப்பது வேறு. எனக்கு வந்தது அம்மாவுக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்தது. "இந்த மாதிரி டெஸ்ட்ல நூத்துக்கு நூறுன்னு எழுத மாட்டோம், ஆனா நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்றார். வீட்டுக்காரர் அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அப்போது காது குத்தலாம்தானே?" மாமாவோ போனில், "எங்கப்பாவோடது தான் உனக்கு வந்துகீது, பார்த்தியா" என்று தன் சொத்தை எழுதிவைத்த மாதிரி மார்தட்டினார். அம்மா மட்டும், "பெரியவகிட்ட நீயே போய்ச் சொல்லு. எனக்கு வாய் வராது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் முகத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். ரொம்பச் சந்தோஷமாகவும் இருக்கக் கூடாது, துக்கமாக நடிக்கவும் கூடாது. அக்கா கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லன்னு வந்துடுச்சா?"

"எப்படிக்கா தெரிஞ்சது?"

"மூஞ்ச இப்டி வச்சிகினு வந்தா வேற இன்னா?" எழுந்து மீன் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். புடவையெல்லாம் செதில். "அம்மா தாயே, காப்பாத்துன" என்று யாரையோ பார்த்துச் சொன்னாள். நான் அழ ஆரம்பித்தேன். அவளுக்கு மட்டும் வந்ததே, எனக்கு வரவில்லையே என்று என்னென்னவோ உளறினேன்.

"சும்மா இருடி. உனக்கும் வந்திருந்தா எனக்கு இன்னா கெடைக்கப் போவுது?" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத" என்றாள். "இனிமேலாவது அவனத் தூக்குவியா?"

நான் புடவையில் ஒட்டியிருந்த செதிலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை நேரமும் அம்மா மறைத்ததையும் மாமியார் மறைத்ததையும் சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டு வந்த நான், என்னுடையதை எழுதவில்லை. நாள் தள்ளிப்போனது தெரிந்ததிலிருந்து அக்கா மகனை நான் தொடவில்லை. அவன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பான். நான் எதையோ எடுக்கப் போகிற மாதிரி நகர்ந்துவிடுவேன். ரயிலில் அவன் பக்கத்தில் இடம் இருந்தது, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் செய்தேன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் என் பிள்ளை இப்படி ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், அவனையே பார்த்துக்கொண்டு. அக்கா இத்தனை மாதமும் அதைப் பார்த்துக்கொண்டே, எனக்காக எல்லாரையும் சென்னைக்கு இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

"மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"என்கிட்ட ஏன்டி கேக்கற" என்றாள். உள்ளே பார்த்து அவனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான். நான் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். அவன் அக்காவைப் பார்த்தான். "சித்தி வயித்துல பாப்பா கீது, நான் தொட்டா அதுக்கு வலிக்கும்னு சொன்னியே?" என்றான்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "இப்போ பாப்பா பெருசாயிடுச்சுடா, வலிக்காது. போ."

அவன் மெதுவாக வந்தான். வயிற்றில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் தொடையின் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தான். "இப்டி உக்காந்தா வலிக்குதா சித்தி?" என்று கேட்டான்.